ஒரு மீட்டர் சுற்றளவு

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு அளவு நாடா இருக்கும். சிங்கப்பூரில் மரப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில், கயிறு கட்டி மரமேறும் ஆளாக வேலைக்குச் சேர்ந்தவன் நான். பிறகு தேர்வெழுதி ஆர்பரிஸ்ட் ஆனேன். மரத்தைப் பார்த்து அதன் உடல்நிலை சொல்கிற வேலை. எந்த மரத்தின் முன் போய் நின்றாலும் முதலில் குனிந்து, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அடிமரத்தைச் சுற்றி நாடாவைப் பிடிப்பேன். சுற்றளவு ஒரு மீட்டரைத் தாண்டிவிட்டால், இந்தத் தீவின் சில பகுதிகளில் அந்த மரத்தை அதன் சொந்தக்காரரே நினைத்தாலும் தன் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது.

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருக்கும் என் மாமாவிடம் இதைத் தொலைபேசியில் சொன்னபோது, "அது எப்படிடா மாப்ள? என் கொல்லையில நான் வச்ச மரம். அதை வெட்ட நான் எவனைக் கேக்கணும்?" என்றார். நியாயமான கேள்வி. மரத்துக்கும் சட்டத்துக்கும் என்ன உறவு என்று யோசிக்கிற யாரும் அந்தக் கேள்வியில்தான் வந்து நிற்பார்கள். அதற்கு எனக்குத் தெரிந்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1991 ஆகஸ்டில் சிங்கப்பூர் அரசு இரண்டு பகுதிகளை மரப் பாதுகாப்பு வட்டாரங்களாக அறிவித்தது. ஒன்று டாங்ளின், புக்கிட் தீமா பகுதிகளை உள்ளடக்கியது. மற்றது கிழக்கே சாங்கிப் பக்கம். பிரிட்டிஷ் காலத்து பங்களாக்களும் அகலமான தோட்டங்களும் உள்ள இடங்கள் இவை. அந்தத் தோட்டங்களில் தீவின் மிகப் பழைய மரங்கள் பல நிற்கின்றன. இன்று நடைமுறையில் இருப்பது 2005ஆம் ஆண்டின் பூங்காக்கள், மரங்கள் சட்டம். இந்த இரு வட்டாரங்களிலும், தீவில் எங்கே காலி நிலம் இருந்தாலும் அங்கேயும், ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை வெட்ட அரசின் அனுமதி வேண்டும். தேசியப் பூங்காக் கழகத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். மீறினால் 50,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். பங்களாவில் குடியிருக்கிற ஆளுக்கும் அது கசக்கிற தொகைதான்.

ஒரு மீட்டர் சுற்றளவு என்றால் குறுக்களவு சுமார் 32 சென்டிமீட்டர். ஆள் கட்டிப் பிடிக்க முடியாத கிழட்டு மரம் என்று எண்ணிவிட வேண்டாம். நம் ஊர்ச் சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரம் நல்ல மண்ணும் தண்ணீரும் கிடைத்தால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த அளவை எட்டிவிடும். கிழடாகும் வரை காத்திருக்காமல் வளர்ந்து வரும் மரத்தையே சட்டம் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஐம்பது ஆண்டு கழித்துப் பெரிய மரம் வேண்டுமென்றால் இன்றைக்கு நடுத்தர வயதிலிருக்கும் மரத்தை விட்டுவைத்தாக வேண்டும். பழைய மரங்களை மட்டும் காக்கிற விதிகள் இந்த இடத்தில் கோட்டை விடுகின்றன.

வயதை வைத்து விதி எழுதுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மகாராஷ்டிரத்தில் 2021இல் மரப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, 50 வயது தாண்டிய மரங்களைப் பாரம்பரிய மரங்கள் என்று அறிவித்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்த திருத்தம். வெட்ட நேர்ந்தால் அந்த மரத்தின் வயது எத்தனையோ அத்தனை கன்றுகளை ஈடாக நட வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. ஆனால் ஒரு மரத்துக்கு 50 வயதா 45 வயதா என்று யார் சொல்வது? குளிர்நாடுகளில் ஆண்டுக்கு ஒரு வளையம் என்று எண்ணிவிடலாம். வருடம் முழுக்க வெயிலும் மழையும் மாறி மாறி வருகிற நம் பகுதிகளில் பல மரங்களில் அந்த வளையம் தெளிவாக விழுவதில்லை. விழுந்தாலும் ஆண்டுக் கணக்கோடு ஒத்துப்போவதில்லை. வெட்ட நினைப்பவர் 45 என்பார், காக்க நினைப்பவர் 60 என்பார். நாடா அப்படியில்லை. அதை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையும் பிடித்துப் பார்த்துவிடலாம், யார் பிடித்தாலும் ஒரே எண்தான். தில்லியின் 1994ஆம் ஆண்டுச் சட்டமும் அளவைத்தான் நம்புகிறது. தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் குறுக்களவு 5 சென்டிமீட்டர் இருந்தாலே அது மரம், அதை வெட்ட மர அலுவலரின் அனுமதி வேண்டும் என்கிறது. சிங்கப்பூரைவிட மிகக் கடுமையான வரையறை அது.

புக்கிட் தீமா பகுதியில் வீடொன்றை இடித்துக் கட்ட வந்தவர் ஒருமுறை என்னை அழைத்திருந்தார். பின்புறம் இருந்த மரம் நீச்சல் குளத்துக்கு இடைஞ்சல் என்றார். நாடாவைச் சுற்றினேன், ஒரு மீட்டர் தாண்டிச் சில விரற்கடை வந்தது. அவர் முகம் வாடிவிட்டது. போன வருடமே வெட்டியிருக்கலாமோ என்று கேட்டார். நான் அவரிடம் வரைபடத்தை வாங்கிக் குளத்தை எவ்வளவு நகர்த்தலாம் என்று கட்டட வடிவமைப்பாளரோடு உட்கார்ந்து பேசினேன். குளம் நகர்ந்தது, மரம் நிற்கிறது. சட்டம் அவரைத் தண்டிக்கவில்லை, அவர் எதையும் இழக்கவுமில்லை. வெட்டுவதற்கு முன்னால் ஒருமுறை யோசிக்க வைத்தது, அவ்வளவுதான். இந்தத் தொழிலில் நான் பார்த்தவரை பெரும்பாலான மரங்கள் பகையால் சாவதில்லை. வரைபடம் போட்டவர் அந்த இடத்துக்கு வந்து பார்க்காததால் சாகின்றன. அனுமதி கேட்க வேண்டும் என்ற விதி அவரை வந்து பார்க்க வைக்கிறது. மாமாவின் கேள்விக்கு என் பதில் இதுதான்: மரம் உன்னுடையதுதான் மாமா, ஆனால் அதன் நிழல் தெருவுக்கும் விழுகிறது, வெட்டுவதற்கு முன் தெருவின் சார்பில் யாரோ ஒருவர் வந்து பார்க்கட்டும்.

சிங்கப்பூரின் ஒரு மீட்டர் விதிக்கு மேல் ஓர் அடுக்கு, 2001 ஆகஸ்டில் தொடங்கிய பாரம்பரிய மரங்கள் திட்டம். இதற்குப் பொதுவாக 5 மீட்டருக்கு மேல் சுற்றளவு வேண்டும். கூடவே அரிய இனமா, வரலாறு உண்டா, மக்கள் மனத்தில் இடம் பிடித்ததா, பார்க்க அழகா என்றும் பார்க்கிறார்கள். யார் வேண்டுமானாலும் ஒரு மரத்தை முன்மொழியலாம் என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். தேர்வான மரங்களின் அருகே பெயர், இனம், கதை சொல்லும் பலகை வைக்கிறார்கள். இடி விழுந்தாலும் மரம் சேதமாகாமலிருக்க மின்னல் கடத்தி பொருத்துகிறார்கள். உலகிலேயே இடி மின்னல் மிகுந்த இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று, உயரமான மரத்துக்கு அதுவே எமன்.

சிங்கப்பூருக்கு வந்தவர்கள் இந்த மரங்களில் ஒன்றைத் தங்களுக்குத் தெரியாமலே பார்த்திருப்பார்கள். ஐந்து வெள்ளி நோட்டின் பின்பக்கம் இருப்பது தாவரவியல் பூங்காவில் நிற்கும் தெம்புசு மரம். தரைக்கு இணையாகத் தாழ்ந்து நீளும் அதன் கிளையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளாத பழைய சிங்கப்பூர்க் குடும்பம் குறைவு. 1859இல் அந்த இடத்தில் பூங்கா அமைத்தபோதே அது அங்கே நின்றிருந்ததாகக் கருதுகிறார்கள். இப்போது வேலி போட்டுவிட்டார்கள். கிளையில் ஏற முடியவில்லையே என்று குறைப்படுபவர்களிடம், ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்து இறுகிய மண்ணில் வேர் மூச்சு விட முடியாது என்று விளக்குவேன். மண்ணிலும் காற்று வேண்டும்.

மரங்களைப் போலவே சாலைகளுக்கும் பாரம்பரியத் தகுதி உண்டு. அர்கேடியா சாலை, லிம் சூ காங் சாலை, மண்டாய் சாலை, மவுண்ட் பிளஸண்ட் சாலை, சவுத் புவன விஸ்தா சாலை ஆகிய ஐந்தும் பாரம்பரியச் சாலைகள். அவற்றின் இரு பக்கமும் 10 மீட்டர் அகலத்துக்குப் பசுமைப் பட்டை காக்கப்படுகிறது. அர்கேடியா சாலையில் தூங்குமூஞ்சிகள் இரு புறமிருந்தும் மேலே கை கோத்துக்கொண்டு நிற்கும். மதிய வெயிலில் அதற்குள் நுழைந்தால் உடம்பு சட்டென்று குளிர்வது தெரியும். இந்த மரம் அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து 1876இல் இங்கே வந்தது. வந்தேறி மரம்தான், ஆனாலும் அதற்கும் பாரம்பரியத் தகுதி கொடுத்திருக்கிறார்கள். நூற்றைம்பது ஆண்டு ஒரு ஊருக்கு நிழல் தந்த பிறகு நீ எந்த நாடு என்று கேட்பது சரியில்லை என்றே நானும் நினைக்கிறேன்.

விதி இருந்தும் மரம் விழுந்த கதைகள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இராது.

சாங்கியில் ஹால்டன் சாலையில் ஒரு செங்கால் பாசிர் மரம் நின்றது. இந்தத் தீவிலிருந்தே அழிந்துபோனதாக எண்ணப்பட்ட இனம். 2002 நவம்பரில் அதை அனுமதியில்லாமல் வெட்டிவிட்டார்கள். மரப் பாதுகாப்பு வட்டாரத்துக்குள் இருந்த மரம். வழக்கு நடந்தது, நீதிமன்றம் அபராதம் விதித்தது, இழப்பீடும் கட்ட வேண்டியிருந்தது. அந்தப் பணத்தால் மரம் எழுந்து நிற்கப்போவதில்லை. சுமார் 150 வயது என்று மதிக்கப்பட்ட ஒரு மரத்தை வெட்டிச் சாய்க்க ஒரு காலைப் பொழுது போதும். ஆகவே வெட்டிய பின் வருகிற தண்டனையைவிட, வெட்டும் முன் கேட்கிற அனுமதிதான் முக்கியம். அனுமதிச் சீட்டைக் கண்ணால் பார்க்காமல் செயின்சாவைத் தொடாதே என்று எங்கள் பையன்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்வது அதனால்தான்.

வெட்டாமலே கொல்லவும் முடியும். அதுதான் இன்னும் மோசம், அதிகம் நடப்பதும் அதுதான்.

மரத்தின் வேர் ஆணிபோலக் கீழே கீழே இறங்கிப் போவதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். வளர்ந்த மரத்துக்குத் தண்ணீரும் சத்தும் உறிஞ்சித் தரும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில், ஏறத்தாழ முழங்கால் முதல் இடுப்பு ஆழத்துக்குள் பரவிக் கிடக்கும். குடை விரிந்த இடத்தையும் தாண்டி வெளியே போகும். அடிமரத்துக்கு அருகில் தொடை கனத்தில் ஓடும் வேர்கள் மரத்தைத் தாங்கி நிறுத்துபவை. ஒரு கட்டுமான இடத்தில் குழாய் பதிக்கக் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தபோது, அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த தம்பி என்னிடம் ஓடி வந்தான். "அண்ணே, ஒரு வேரு குறுக்க கெடக்கு. கை கனம் இருக்கும். அறுத்துடவா?" கேட்டானே, அதற்காகவே அவனை அன்று முதல் எனக்குப் பிடித்துப்போயிற்று. வேறு எங்கும் யாரும் கேட்பதில்லை. மண்வெட்டும் இயந்திரம் ஒரே இழுப்பில் வேரைப் பிய்த்துவிட்டுப் போய்விடும். அன்று குழாயை வேருக்கு அடியில் நுழைத்துக் கொண்டுபோனோம். வேலை அரை நாள் தள்ளிப்போயிற்று.

வேர் அறுபட்ட மரம் அன்றைக்கே சாவதில்லை. இலை பச்சையாகத்தான் இருக்கும். முன்னரே சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்தை வைத்துக்கொண்டு ஓராண்டு, ஈராண்டு தாக்குப்பிடிக்கும். அதற்குள் வீடு கட்டி முடித்து, ஒப்பந்தக்காரர் கணக்கு முடித்துப் போய்விடுவார். பிறகு ஒரு மழைக்காலத்தில் உச்சிக் கிளைகள் காயத் தொடங்கும். அடியில் காளான் தலைகாட்டும். மரம் நோய் வந்து செத்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். லாரிகள் நின்று நின்று மண் இறுகுவதும், சிமெண்ட் கழுவிய நீரை அடியில் கொட்டுவதும், அடிமரத்தைச் சுற்றி மண்ணை மேடாகக் கொட்டுவதும் இப்படித்தான் ஓசையில்லாமல் கொல்லும். இங்கே கட்டுமானத் திட்டத்தில் காக்க வேண்டிய மரங்களைக் குறித்துக் காட்டி, வேலை தொடங்கும் முன்பே அவற்றைச் சுற்றி வேலி அடைக்க வேண்டும். அந்த வேலிக்குள் செங்கல் அடுக்கக் கூடாது, பெட்ரோல் டப்பா வைக்கக் கூடாது, நிழலாக இருக்கிறதே என்று வண்டி நிறுத்தவும் கூடாது. என்னைக் கேட்டால், வெட்டத் தடை என்ற வரி இல்லாமல் போனாலும் பரவாயில்லை, இந்த வேலி இருக்க வேண்டும் என்பேன்.

2017 பிப்ரவரி 11 எங்கள் தொழிலில் எல்லோருக்கும் நினைவிருக்கும் நாள். தாவரவியல் பூங்காவில் 270 ஆண்டுக்கு மேற்பட்ட, 40 மீட்டர் உயரமும் 6.5 மீட்டர் சுற்றளவும் கொண்ட வேறொரு தெம்புசு மரம் வேரோடு சாய்ந்தது. அதுவும் பாரம்பரிய மரம்தான். ஒரு பெண் உயிரிழந்தார், நால்வர் காயமடைந்தார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை சோதிக்கப்பட்ட மரம் அது. கடைசியாக 2016 செப்டம்பரில் சோதித்தபோது நலமாக இருந்ததாகப் பதிவு. மண்ணுக்கு அடியில் நடந்த வேர் அழுகல் வெளியே தெரியவில்லை. அந்தச் செய்திக்குப் பிறகு பல இரவுகள், நான் கையெழுத்திட்ட சோதனை அறிக்கைகளை மனத்துக்குள் புரட்டிக்கொண்டே இருந்தேன்.

பழைய மரங்களையெல்லாம் ஆபத்து என்று வெட்டிவிடலாமே என்ற பேச்சு அப்போதும் எழுந்தது, ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் நம் ஊரிலும் எழுகிறது. நான் அதை ஏற்கவில்லை. ஆனால் ஒரு மரத்தைக் காப்போம் என்று சட்டம் போட்டால் அதைத் தொடர்ந்து சோதிக்க ஆளும் பணமும் ஒதுக்கத்தான் வேண்டும். மரச்சுத்தியலால் தட்டி ஓசை கேட்பது, ஊசி போன்ற துளைப்பானை உள்ளே செலுத்தி மரத்தின் உறுதியை அளப்பது, ஒலி அலைகளை அனுப்பி உள்ளே பொந்து இருக்கிறதா என்று படம் எடுப்பது என்று முறைகள் உண்டு. கனத்த கிளையைத் தாங்க முட்டுக்கால் கொடுக்கலாம், உச்சியின் பாரத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், அடியில் மனிதர் நிற்காதபடி நடைபாதையை மாற்றி விடலாம். பலகை வைத்துவிட்டு மறந்துபோவதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை.

சிங்கப்பூரிலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மரப் பாதுகாப்பு வட்டாரம் இரண்டே இரண்டுதான். புக்கிட் பிரவுன் இடுகாட்டின் ஊடே சாலை போட்டபோது எத்தனையோ பேர் மனம் வெதும்பினார்கள், சாலை வந்தே விட்டது. தெங்காவில் காடாக வளர்ந்திருந்த நிலத்தில் இப்போது வீடுகள் எழும்புகின்றன. தனி மரத்தைக் காக்கிற விதியால் ஒரு காட்டைக் காக்க முடியாது. அதற்கு வேறு சட்டம், வேறு மனம் வேண்டும்.

நம் தமிழ்நாட்டுக்கு வருகிறேன். நம்மிடம் விதியே இல்லை என்பது தவறு. மலைப்பகுதிகளில் மரம் வெட்ட அனுமதி கேட்க வைக்கும் சட்டம் 1955லிருந்தே இருக்கிறது. 2021இல் மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழு அமைத்தார்கள். அரசு நிலத்தில் உள்ள மரத்தை வெட்ட அந்தக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அதே ஆண்டில் வெளியான முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனைமரத்தை வெட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவித்தார்கள். சமவெளியில் தனியார் நிலத்தில் நிற்கும் ஆலுக்கும் இலுப்பைக்கும் மருதுக்கும்தான் பெரும்பாலும் காவல் இல்லை. சாலையை அகலப்படுத்தும் பணிக்காக ஓரத்துப் புளியமரங்களை அறுத்துத் தள்ளியதை நம் தலைமுறை முழுக்கப் பார்த்துவிட்டது. எங்கள் ஊர்ச் சாலையில் புளி ஏலம் விட்ட காலத்தில் மரத்துக்கு மரம் சுண்ணாம்பில் எண் எழுதியிருக்கும். எண் இருந்தவரை எந்த மரம் காணாமல் போனது என்று கேட்க ஓர் ஆள் இருந்தார். சிங்கப்பூரில் 2018இல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை இணைய வரைபடத்தில் ஏற்றினார்கள். அதுவும் அதே வேலைதான்.

இதை வாசிப்பவர்கள் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் நகராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை அது தயாரிக்க வேண்டும். மதுரை அருகே அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது இந்தச் சட்டத்தின் கீழ்தான். உங்கள் ஊர்க் குழு யார், பதிவேடு எங்கே என்று கேளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு போய் ஊரின் பெரிய மரங்களை அளந்து, இனம், இடம், சுற்றளவு மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் அந்தத் தாளைக் கொடுத்து, இந்த மரங்களைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், இவற்றில் எதை வெட்டுவதானாலும் முதலில் சபையில் சொல்ல வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். என் மாமா தன் கொல்லை மாமரத்தை அளந்துவிட்டார். ஒன்றே முக்கால் மீட்டர்.